சறுக்கும் குவார்ட்டர்பேக்குக்கு விழும் திட்டில் நிறம் இருக்கா?

கழுகுப்படை:
அமெரிக்க ஃபுட்பால்ல பந்தை வீசி ஆட்டத்தை நடத்தற குவார்ட்டர்பேக் சொதப்பினா ரசிகன் கத்தத்தான் செய்வான், அதுல எனக்கு வழக்கு இல்லை. ஆனா கறுப்பர் சொதப்பினா பேச்சு ஆட்டத்தை விட்டு எங்கேயோ போயிடுது. 2003 செப்டம்பர்ல பிலடெல்பியா அணியான ஈகிள்ஸ் முதல் ரெண்டு ஆட்டமும் தோத்தாங்க. அவங்க கறுப்பு குவார்ட்டர்பேக் டோனவன் மெக்நாப் மோசமாத்தான் ஆடினார். உடனே ரஷ் லிம்பா இஎஸ்பிஎன் விளையாட்டு சேனல்ல உட்கார்ந்து, கறுப்பர் ஒருத்தர் ஜெயிக்கணும்னு மீடியாவுக்கு ஆசை, அதான் மெக்நாபைத் தூக்கி வெச்சிருக்காங்கன்னு பேசினார். சில நாள்ல லிம்பா அந்த சேனலை விட்டு விலகினார். ஈகிள்ஸ் அந்த சீசனை 12 வெற்றி, 4 தோல்வின்னு முடிச்சாங்க.

மூணாவது டவுன்:
லிம்பா அரசியல் ரேடியோக்காரர். அவரை வெச்சு மொத்த ரசிகர்களையும் எடை போடலாமா? பிலடெல்பியா ரசிகன் யாரையும் விட மாட்டான் சார். 1968ல சான்டா கிளாஸ் மேலயே பனி உருண்டை எறிஞ்சவங்க! 1999 டிராஃப்ட்ல, அதாவது அணிகள் புது ஆட்டக்காரங்களை வரிசையா எடுக்கற நிகழ்ச்சியில, மெக்நாப் பேரைக் கேட்டதும் ஊளையிட்டாங்களே, அவங்க கேட்டது ரிக்கி வில்லியம்ஸை. அவரும் கறுப்பர்தான். குவார்ட்டர்பேக் ரயன் லீஃப் வெள்ளைக்காரர், 1998ல ரெண்டாவதா எடுத்தாங்க. ஊத்திக்கிட்ட டிராஃப்ட்னு பேச்சு வந்தா இன்னிக்கும் முதல்ல அவர் தலைதான் உருளும்.

கழுகுப்படை:
வில்லியம்ஸ் ரன்னிங் பேக், பந்தைத் தூக்கிட்டு ஓடறவர். ஓடற இடத்துல கறுப்பர் இருந்தா யாருக்கும் உறுத்தாது. குவார்ட்டர்பேக் ஆட்டத்தை நடத்தறவர், அங்கேதான் சந்தேகமே வரும். 1978ல கறுப்பு குவார்ட்டர்பேக் வாரன் மூனை டிராஃப்ட்ல ஒருத்தர்கூட எடுக்கல. கனடா போய் எட்மன்டனுக்கு வரிசையா 5 கிரே கப், அதாவது கனடா சாம்பியன் கோப்பை, ஜெயிச்ச பிறகுதான் அமெரிக்க லீகான என்எஃப்எல் கதவு திறந்தது. லீஃபைத் திட்டினாங்க, சரி. வெள்ளைக்காரனுக்கே இந்த வேலை வராதுன்னு யாராவது சொன்னாங்களா?

ஓரத்து சீட்டு:
2010ஐ மறந்துட்டீங்களே. அப்போ மெக்நாப் வாஷிங்டன் அணியில. டெட்ராய்ட்ல வாஷிங்டன் 6 பாயின்ட் பின்தங்கி நிக்குது, ரெண்டு நிமிஷம்கூட பாக்கி இல்லை. கோச் மைக் ஷானஹன் மெக்நாபை வெளியே இழுத்து ரெக்ஸ் கிராஸ்மனை இறக்கினார். முதல் பிளேலயே கிராஸ்மன் பந்தை விட்டார், டெட்ராய்ட் லயன்ஸ் அதை எடுத்து டச்டவுன் அடிச்சாங்க. ரெண்டு நிமிஷ ஆட்டம் கிராஸ்மனுக்கு நல்லாத் தெரியும்னு முதல்ல ஷானஹன் காரணம் சொன்னார். மறுநாள் மெக்நாபுக்கு மூச்சு பத்தாதுன்னு மாத்தினார். ரெண்டு வாரம் கழிச்சு அதே மெக்நாபுக்குப் புது ஒப்பந்தம்!

மூணாவது டவுன்:
கோச் உளறினார், ஒத்துக்கறேன். ஆனா அடுத்த வருஷம் மினசோட்டாவுலயும் மெக்நாப் பாதியில பெஞ்சுக்குப் போனார். பந்து வீசற கைவலு போயிடுச்சு, அவ்வளவுதான். எல்லாத்தையும் நிறக் கணக்குல எழுதினா எந்தக் கோச்சும் ஆளை மாத்தவே முடியாது. 2023ல என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல்ல ரெண்டு பக்க குவார்ட்டர்பேக்கும், மஹோம்ஸ், ஹர்ட்ஸ், கறுப்பர்தானே?

கழுகுப்படை:
அதுக்கு 5 வருஷம் முன்னாடி என்ன நடந்தது? சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கின கறுப்பு குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனை, பந்தைப் பிடிக்கற ரிசீவரா மாறச் சொன்னார் பில் போலியன், அணிகளை நிர்வகிச்சு ஹால் ஆஃப் ஃபேம்ல இடம் பிடிச்ச மனுஷன். டிராஃப்ட் முதல் சுத்துல ஜாக்சனைக் கடைசி ஆளா, 32வதாத்தான் எடுத்தாங்க. 2019ல அவர் எம்விபி, அதாவது சீசனோட சிறந்த ஆட்டக்காரர், ஒரு ஓட்டுகூட வேற யாருக்கும் போகல.

மூணாவது டவுன்:
ஜாக்சன் விஷயத்துல வாயை மூடிக்கறேன். ஆனா பிளேஆஃப்ல சொதப்பினா திட்டுவேன், அப்போ நிறவெறின்னு வந்து நிக்காதீங்க.

கழுகுப்படை:
தாராளமாத் திட்டுங்க. எந்தப் பாஸ் தப்புன்னு சொல்லித் திட்டுங்க.