நட்பு நாட்டு ராணுவ ரகசியம் கசிந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் – அனுபவங்களைப் பகிருங்கள்

தேஜோன்வாசி

2023 ஏப்ரல், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் ரகசியத் தாள்கள் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் இருந்து வெளியே வந்த வாரம். நட்பு நாடுகளின் பேச்சையே அமெரிக்கா ஒட்டுக்கேட்டது அதில் தெரிந்தது. கதை எல்லாருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தென் கொரியாவில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு சீனியர், கட்டாய ராணுவப் பணியைப் பீரங்கிப் படையில் முடித்தவர். கேன்டீன் டிவியில் "155 மி.மீ. குண்டுகள், 3,30,000" என்று ஓடியது. அப்படியே சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பாதுகாப்பு ஆலோசகராக இருந்த கிம் சங்-ஹானும் அதிபர் அலுவலகத்தின் வெளியுறவுச் செயலர் யி முன்-ஹுயியும் தங்களுக்குள் பேசிக்கொண்டதை அமெரிக்கா ஒட்டுக்கேட்டு எழுதிவைத்தது அது. குண்டுகளை அமெரிக்காவுக்கு விற்றால் உக்ரைனுக்குப் போய்விடுமோ, போலந்துக்கு விற்றால் என்ன என்ற யோசனை. போர் நடக்கும் நாட்டுக்கு ஆயுதம் தருவதில்லை என்பது அவர்கள் கொள்கை அல்லவா? "இவர்கள் இவ்வளவு தவித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமைதான். ஆனால் அதை நான் வாஷிங்டன் மூலமாகவா தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டார்.

கேட்டது என்னிடம். மேசையில் நான் ஒருவன்தான் வெளிநாட்டுக்காரன். என்ன சொல்ல?

சில நாளில் அரசே "கணிசமான பகுதி போலி" என்றது. அமெரிக்காவுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை என்றார் துணைப் பாதுகாப்பு ஆலோசகர் கிம் தே-ஹ்யோ. மாதக் கடைசியில் அப்போதைய கொரிய அதிபர் யூன் சுக்-யோல் வெள்ளை மாளிகை விருந்தில் பாட்டுப் பாடினார். சீனியர் அந்தப் பேச்சையே மறுபடி எடுக்கவில்லை. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

இரவுப்பணி

அதே வாரம் நான் செய்திப் பிரிவில் இரவு ஷிஃப்ட். கசிந்த தாள்களில் உக்ரைன் போர்நிலை ஸ்லைடு ஒன்று டெலிகிராமில் சுற்றி எங்கள் மேசைக்கு வந்தது. உக்ரைன் தரப்பில் இறந்தவர்கள் 61,000 முதல் 71,500 வரை, ரஷ்யத் தரப்பில் 16,000 முதல் 17,500 வரை. தலைப்புகூட ரெடி. அப்போது ஒரு தம்பி அதே ஸ்லைடின் இன்னொரு படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தான். அதில் உக்ரைன் 16,000 முதல் 17,500. ரஷ்யா 35,500 முதல் 43,000. யாரோ 16-ஐ 61 ஆக்கி, 17.5-ஐ 71.5 ஆக்கியிருக்கிறார்கள்! இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றோம். செய்தியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், நிறுத்தினார்கள்.

தேஜோன்வாசி, உங்கள் சீனியருக்கு ஒன்று சொல்லுங்கள். திருத்தப்பட்ட தாள் இருந்தது உண்மை. ஆனால் அந்த ஒன்றை வைத்து மற்ற எல்லாவற்றையும் போலி என்று தள்ளுவது அரசாங்கங்களுக்கு வசதி. எந்த வரி போலி என்று சோல் அரசு கடைசிவரை சொல்லவே இல்லை.

ரைன்கரை

கொரியா பணிந்து போனது என்பதுதான் என் கருத்து. 2013-ல் ஜெர்மன் சான்சலர் மெர்கலின் கைப்பேசியை அமெரிக்கா ஒட்டுக்கேட்ட விவகாரம் வந்தபோது, நண்பர்களுக்குள் ஒட்டுக்கேட்பது கூடவே கூடாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். 2014 ஜூலையில் பெர்லினில் இருந்த அமெரிக்க உளவு அமைப்பு சிஐஏவின் தலைமை அதிகாரியை வெளியேறச் சொன்னார்கள். அதற்காகக் கூட்டணி உடைந்துவிட்டதா?

என் அனுபவம் 2024 மார்ச். டாரஸ் ஏவுகணை பற்றி ஜெர்மன் விமானப்படை அதிகாரிகள் வெப்எக்ஸ் இணைய மீட்டிங்கில் பேசிய 38 நிமிட ஒலிப்பதிவை ரஷ்ய அரசு ஊடகமான ஆர்டியின் ஆசிரியர் சிமோன்யான் வெளியிட்டார். அதிகாரிகளில் ஒருவர் விமானக் கண்காட்சிக்காக சிங்கப்பூர் போயிருந்தவர், ஹோட்டலில் இருந்து பாதுகாப்பில்லாத இணைப்பில் சேர்ந்திருக்கிறார். பிரிட்டிஷ் ஆட்கள் உக்ரைனுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பதும் அந்தப் பேச்சில் வந்துவிட்டது. அடுத்த திங்கள் எங்கள் வழக்கமான மீட்டிங். லண்டன் வாடிக்கையாளர் லைனில் வந்ததும் முதல் கேள்வி: "இந்த இணைப்பு பத்திரமானதுதானே?" ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் மேனேஜர் காது சிவந்துபோய், இணைப்பின் பாதுகாப்பு விவரத்தை வரி வரியாக வாசித்துக் காட்டினார். நாங்கள் செய்வது சரக்குக் கிடங்கு மென்பொருள். ராணுவத்துக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தேஜோன்வாசி

ரைன்கரை நண்பரே, பெர்லினையும் சோலையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். சோல் வட கொரியப் பீரங்கிகள் எட்டும் தூரத்தில் இருக்கிறது. 28,500 அமெரிக்க வீரர்கள் அங்கே நிற்பது அதனால்தான். அதிகாரியை வெளியேற்றிவிட்டு மறுநாள் நிம்மதியாகத் தூங்க அவர்களால் முடியாது. அதற்காகப் போலி என்று பூசி மெழுகியதையும் நான் ஏற்கவில்லை. 2023 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது நினைவிருக்கிறதா? ஐரோப்பிய நாடுகள் எல்லாம் சேர்ந்து உக்ரைனுக்குக் கொடுத்ததைவிட, கொரியா மறைமுகமாகக் கொடுத்த குண்டுகள் அதிகமாம். கிம் சங்-ஹானும் யி முன்-ஹுயியும் பயந்தது வீண் பயம் இல்லை.

வர்ஜீனியாக்காரன்

நான் ஒப்பந்தப் பணியாளன், அரசு ரகசியங்களைக் கையாளும் பாதுகாப்பு அனுமதி உள்ளவன். அந்த வாரம் அலுவலகத்தில் நினைவூட்டல் வந்தது: நாளிதழில் வந்துவிட்டாலும் ரகசியத் தாள் ரகசியத் தாள்தான், யாரும் திறக்கக் கூடாது. பக்கத்து சீட் நண்பர் கைப்பேசியில் வந்த படத்தைத் தொடாமல் அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டார். என் அனுபவம் இவ்வளவுதான்.

ஆனால் இந்தத் துறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். குடும்ப வாட்ஸப் குழுவில் இப்படிப் படம் வந்தால் திறக்காதீர்கள், ஃபார்வர்ட் செய்யாதீர்கள், "பார்த்தேன்" என்று பதில்கூடப் போடாதீர்கள். தெரியாமல் திறந்துவிட்டால் அழித்துவிட்டுச் சும்மா இருக்காமல் பாதுகாப்பு அதிகாரியிடம் அன்றே சொல்லிவிடுங்கள், தாமதித்தால்தான் சிக்கல். மாமா கேட்கிறார், சித்தப்பா கேட்கிறார் என்று "அது உண்மைதான்" என்று தலையாட்டாதீர்கள். நீங்கள் தலையாட்டினாலே அது உறுதிப்படுத்தல். வீடியோ கேம் குழு நண்பர்களிடம் பெருமைக்குப் பேசுவது இன்னும் ஆபத்து. இந்தத் தாள்களைக் கசியவிட்ட மாசசூசெட்ஸ் விமானக் காவல் படையின் டெஷேராவுக்குக் கைதானபோது வயது 21. பணம் வாங்கவில்லை, எதிரி நாட்டுக்கு வேலை பார்க்கவில்லை, அரட்டைக் குழுவில் பந்தா காட்டினான். 2024 நவம்பரில் 15 வருட சிறை. அவன் போட்ட படங்களில் மடித்த தாளுக்குப் பக்கத்தில் பசை டப்பா தெரியும். ஒரு நாட்டின் பாதுகாப்பு ஆலோசகர் பேசியது அப்படிக் கிடந்திருக்கிறது. தயவுசெய்து பிள்ளைகளிடம் பேசுங்கள்.

ரைன்கரை

ஐயா, அறிவுரை சரிதான். ஆனால் ஒட்டுக்கேட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே?

ஸ்காபரோ

ஒருத்தரும் கனடாவைப் பற்றிக் கதைக்கேல்லை, அதால எழுதுறன். அதே கசிவிலதான், நேட்டோ கூட்டணி சொல்லுற, நாட்டு மொத்த உற்பத்தியில 2 சதவீதப் பாதுகாப்புச் செலவை நாங்கள் ஒருநாளும் எட்ட மாட்டம் எண்டு அப்ப பிரதமரா இருந்த ட்ரூடோ தனிப்படச் சொன்னதா வந்தது. என்ர மருமகன் இஞ்ச ரிசேர்வ் படையில இருக்கிறான். செய்தியை வாசிச்சுக் காட்டினன். பூட்ஸுக்கு பொலிஷ் போட்டுக்கொண்டே, "மாமா, இது எங்கட யூனிட்ல எல்லாருக்கும் தெரியும். அமெரிக்கன்ர பேப்பர்ல வந்தால்தான் உங்களுக்கு உறைக்குதோ?" எண்டு கேட்டான். உண்மையாவே சுட்டுப் போட்டுது.

2025 ஜூனில பிரதமர் கார்னி 2 சதவீதத்தை அந்த நிதியாண்டுக்குள்ளயே எட்டுவம் எண்டு அறிவிச்சார். அந்தக் கசிவில பட்ட வெக்கம்தான் காரணம் எண்டு மருமகன் சொல்லுறான். ட்ரம்ப் குடுத்த நெருக்குவாரம் எண்டு நான் சொல்லுறன். சந்திக்கிற நேரமெல்லாம் இதிலதான் இழுபறி.