பெயரை .ஜேபிஜி என்று மாற்றியும் படம் ஏற்கப்படாதது ஏன்?

கேள்வி:
ஐபோனில் எடுத்த என் படம் .ஹெச்இஐசி என்ற நீட்டிப்புடன் இருந்தது. விண்ணப்பத் தளம் ஒன்று ஜேபிஜி மட்டுமே கேட்டதால், கோப்பின் பெயரில் அந்த நீட்டிப்பை மாற்றிப் பதிவேற்றினேன். 'செல்லாத கோப்பு' என்று வந்தது. ஆனால் அதே கோப்பு என் கணினியில் படம் பார்க்கும் மென்பொருளில் நன்றாகவே திறக்கிறது. பிழை தளத்திலா, கோப்பிலா?

பதில் 1:
கோப்பில்தான். நீட்டிப்பு என்பது பெயரின் ஒரு பகுதி மட்டுமே. அதை மாற்றினால் உள்ளே ஒரு பைட்கூட (கோப்பின் தரவு அலகு) மாறாது. படம் எந்த வடிவத்தில் உள்ளது என்பதைக் கோப்பின் தொடக்க பைட்டுகளே காட்டுகின்றன. ஜேபெக் (ஜேபிஜி) கோப்பின் முதல் மூன்று பைட்டுகள் 255, 216, 255 என்றும், இன்னொரு பட வடிவமான பிஎன்ஜி கோப்பின் முதல் நான்கு 137, 80, 78, 71 என்றும் இருக்கும். இவற்றுள் கடைசி மூன்றும் 'பிஎன்ஜி' என்ற எழுத்துகளுக்கு உரிய எண்களே. தொடக்கத்தில் 137 வைத்ததற்கும் காரணம் உண்டு: ஒரு பைட்டின் 8 பிட்டுகளில் 7ஐ மட்டுமே கடத்தும் பழைய இணைப்புகளில் அந்த எண் சிதைந்துவிடும் என்பதால், கோப்பு கெட்டுப்போனதை உடனே கண்டுகொள்ளலாம். உங்கள் கோப்பில் இன்னும் ஹெச்இஐசி அடையாளமே இருக்கிறது.

பதில் 2:
உங்கள் மென்பொருள் பெயரைப் பொருட்படுத்தாமல் உள்ளடக்கத்தைப் படித்துத் திறக்கிறது, அதனால்தான் குழப்பம். தளமும் உள்ளடக்கத்தைத்தான் சோதித்திருக்கிறது, ஆனால் அது ஜேபெக்கை மட்டுமே ஏற்கிறது. நீட்டிப்பை மட்டும் நம்பும் தளத்தில் எவரும் எந்தக் கோப்பையும் படமென்று ஏற்றிவிடலாம் என்பதால், இந்தக் கண்டிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. படத்தைத் திறந்து, 'வேறாகச் சேமி' என்பதில் ஜேபெக்கைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அப்போதுதான் வடிவம் மாறும். இனி எடுக்கும் படங்களுக்கு, ஐபோன் அமைப்புகளில் கேமரா பகுதியிலுள்ள வடிவங்கள் என்பதில், அதிக இணக்கம் தரும் தெரிவை வைத்தால் போதும்.

கேட்டவர்:
சேமித்துப் பார்த்தேன், ஏற்றுக்கொண்டது, நன்றி. வேறொரு படம் .ஜேபிஇஜி என்று முடிகிறது. அதையும் இப்படி மாற்ற வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். .ஜேபிஜி, .ஜேபிஇஜி இரண்டும் ஒரே வடிவத்தின் இரு நீட்டிப்புகள். பழைய கணினி இயக்கமுறைமையான எம்எஸ்-டாஸில் நீட்டிப்புக்கு மூன்று எழுத்துகளே இடம் இருந்ததால் ஓர் எழுத்து குறைந்தது. தளம் .ஜேபிஜி என்றே கேட்டால் பெயரை மாற்றினாலே போதும். மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால் படத்தின் தரம்தான் சற்றுக் குறையும்.