மின்வெட்டுக்குப் பிறகு சர்வர் தானாக எழவில்லை, வழி சொல்லுங்கள்

சாரல்காற்று (கேள்வி)

வணக்கம். தென்காசிப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலைக்காக ஒரு சர்வர் வைத்திருக்கிறேன். பழைய ஆபீஸ் டெஸ்க்டாப், இன்டெல் ஐ3, டெபியன் 12 லினக்ஸ். நூல் பட்டியல், இரவல் கணக்கு, ஸ்கேன் செய்த பழைய விழா மலர்கள் எல்லாம் அதில்தான். மரியாடிபி தரவுத்தளம், அதன் மேல் நான் பைத்தானில் எழுதிய சின்ன செயலி. நான் இருப்பது சென்னையில். அங்கே வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் எனக்குக் கையும் கண்ணும்.

செவ்வாய் இரவு 2 மணி நேரம் கரண்ட் இல்லை. யுபிஎஸ் 15 நிமிடம்தான் தாங்கும். கரண்ட் வந்த பிறகும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் வழி) எடுக்கவில்லை. காலையில் அக்காவிடம் கேட்டால், "லைட் எரியுது தம்பி, ஃபேன் சத்தமும் கேக்குது" என்கிறார். ஆஃப் செய்து போட்டும் அதே கதை.

பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வைத்திருக்கிறேன். லினக்ஸில் எல்லாவற்றையும் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டியில், செயலியின் சர்வீஸ் கோப்பில் ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் (நின்றால் திரும்பத் தொடங்கு) போட்டிருக்கிறேன். இரண்டும் இருந்தும் ஏன் எழவில்லை?

கருப்புத்திரை

மெஷின் ஆன் ஆகியிருக்கிறது, பூட் முடியவில்லை. ஊகிக்க வேண்டாம். ஒரு மானிட்டரை மாட்டச் சொல்லி, திரையை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சாரல்காற்று

பக்கத்து வீட்டு டிவியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். எமர்ஜென்சி மோட் என்று சொல்லி ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு கேட்டு நிற்கிறது. அதற்கு முன்னால் ஒரு டிஸ்க்குக்காக 1 நிமிடம் 30 நொடி காத்திருந்து, டைம் அவுட் ஆனதாக ஒரு வரி. அதில் இருந்த யுயுஐடி (டிஸ்க்கின் அடையாள எண்) என் பேக்கப் டிஸ்க்கினுடையது.

கருப்புத்திரை

அப்படியானால் விஷயம் எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) இருக்கிறது. அதில் எழுதிய ஒவ்வொரு டிஸ்க்கும் கட்டாயம் வேண்டும் என்றுதான் சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். 90 நொடி பார்க்கும், வரவில்லை என்றால் பூட்டையே நிறுத்திவிட்டு ஆள் வரட்டும் என்று உட்கார்ந்துவிடும். நெட்வொர்க்கும் எஸ்எஸ்எச்சும் கிளம்பும் கட்டத்துக்கே அது போகாது. உங்கள் ரீஸ்டார்ட்=ஆல்வேஸுக்கு வேலையே வரவில்லை.

அந்த டிஸ்க்குக்குத் தனி அடாப்டரா? எந்த பிளக்கில் இருக்கிறது என்று பாருங்கள். இப்போதைக்கு டிஸ்க்கை ஆன் செய்து மெஷினைத் திரும்பப் போட்டால் எழும். எழுந்ததும் எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் ஆப்ஷன்களில் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும்) சேருங்கள். அதோடு, டிஸ்க்கைத் தேடுவதை 10 நொடியில் நிறுத்த எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10 என்றும் போட்டுவிடலாம்.

சாரல்காற்று

அதேதான் அண்ணா! யுபிஎஸ்ஸில் இடம் இல்லாமல் டிஸ்க் அடாப்டரைச் சுவர் பிளக்கில் போட்டிருந்தோம். கூட்டிப் பெருக்கும்போது யாரோ சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். எத்தனை நாளாக அப்படிக் கிடந்தது என்று தெரியவில்லை. ரீபூட் ஆகும்வரை அது வெளியே தெரியவே இல்லை.

நோஃபெயில் போட்டுவிட்டேன், இப்போது உள்ளே போக முடிகிறது. ஆனால் செயலி ஓடவில்லை. ஸ்டேட்டஸ் பார்த்தால் ஃபெயில்டு, "ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குவிக்லி" என்கிறது.

இரவுப்பணி

இது பலரும் மாட்டும் இடம். ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் என்றால் காலத்துக்கும் முயலும் என்று நினைக்கிறோம். 10 நொடிக்குள் 5 முறை தொடங்கிப் பார்த்தும் செயலி எழவில்லை என்றால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வெறும் 100 மில்லிசெகண்டு. யுபிஎஸ் தீர்ந்து மெஷின் பொட்டென்று நின்றதால் மரியாடிபி தன் லாக்கைப் படித்துச் சரிசெய்துகொண்டு எழக் கொஞ்ச நேரம் எடுத்திருக்கும். அதற்குள் உங்கள் செயலி 5 வாய்ப்பையும் தீர்த்துவிட்டது.

செயலியின் சர்வீஸ் கோப்பில், சர்வீஸ் பகுதியில் ரீஸ்டார்ட்செக்=10 (முயற்சிகளுக்கு இடையே 10 நொடி) போடுங்கள். யூனிட் பகுதியில் ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்=0 (முயற்சிக்கு வரம்பு இல்லை) போடுங்கள். இந்த இரண்டாவது யூனிட் பகுதியில்தான் வர வேண்டும். சர்வீஸ் பகுதியில் எழுதிவிட்டு ஏன் கேட்கவில்லை என்று நான் ஒரு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன். பிறகு, ஆஃப்டர் (அதற்குப் பிறகு தொடங்கு), வான்ட்ஸ் (அதையும் தொடங்கு) இரண்டிலும் மரியாடிபி சர்வீஸைக் குறிப்பிடுங்கள். ரிக்வயர்ஸ் (அது கட்டாயம் வேண்டும்) வேண்டாம். அதைப் போட்டால், தரவுத்தளம் முதலில் எழாமல் போனால் உங்கள் சர்வீஸும் அங்கேயே விழும். அந்த வகைத் தோல்விக்கு ரீஸ்டார்ட் விதி பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை. நோஃபெயில் போட்டாகிவிட்டது, சரி. நாளை டிஸ்க் இல்லாமல் மெஷின் எழுந்தால் உங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட் எங்கே எழுதும்? மவுன்ட் ஆகாத (டிஸ்க் இணைக்கப்படாத) அந்த வெறும் ஃபோல்டருக்குள், அதாவது மெயின் டிஸ்க்கிலேயே. அது நிரம்பினால் தரவுத்தளமும் படுத்துவிடும். ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையாக மவுன்ட்பாயின்ட் கட்டளையால் சோதித்து, மவுன்ட் ஆகவில்லை என்றால் வெளியேறி உங்களுக்கு மெயில் அனுப்பட்டும்.

கருப்புத்திரை

மேலே சொன்னது எல்லாம் செயலி செத்தால் நடப்பது. லினக்ஸின் மையமான கெர்னலே உறைந்துபோனால்? கெர்னல்.பேனிக் மதிப்பு இயல்பில் 0, பேனிக் (மீள முடியாத கெர்னல் பிழை) ஆனால் அப்படியே நிற்கும் என்று பொருள். கெர்னல் செட்டிங்குகளை மாற்றும் சிஸ்சிடிஎல்லில் 10 என்று மாற்றினால் 10 நொடியில் ரீபூட் ஆகும். முழுசாக உறைந்தால் ஹார்டுவேர் வாட்ச்டாக்தான் கதி. இன்டெல் போர்டுகளில் பெரும்பாலும் அது சிப்செட்டிலேயே இருக்கும். வாட்ச்டாக் இருக்கிறதா என்று டபிள்யூடிசிடிஎல் கட்டளையை ரூட்டாக ஓட்டிப் பாருங்கள். இருந்தால் சிஸ்டம்டியின் சிஸ்டம்.கான்ஃப் கோப்பில் ரன்டைம்வாட்ச்டாக்செக்=30 போடுங்கள். சிஸ்டம்டி அவ்வப்போது அதைத் தட்டிக்கொண்டே இருக்கும், 30 நொடி தட்டவில்லை என்றால் சிப் மெஷினையே ரீசெட் செய்யும்.

இதைச் சென்னையிலிருந்து சோதிக்காதீர்கள். ஊரில் மெஷின் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

பழையபெட்டி

யாரும் தொடாத ஒன்று, யுபிஎஸ். நாளை யுஎஸ்பி கேபிள் மாட்டி, பேட்டரி தீரும் முன் மெஷின் ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்படி வைப்பீர்கள், வைக்கவும் வேண்டும். மெஷின் அணைந்த பிறகு, யுபிஎஸ்ஸில் இன்னும் கொஞ்சம் சார்ஜ் இருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டால்? மெஷினைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை. பயாஸுக்குத் திரும்ப ஆன் ஆக ஒரு காரணமும் கிடைக்காது. யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் மென்பொருளில் ஷட்டவுனின் கடைசியில் யுபிஎஸ்ஸின் வெளியீட்டையே துண்டிக்கும் வசதி உண்டு. உங்கள் யுபிஎஸ் அதற்கு இணங்குகிறதா பாருங்கள்.

பழைய டெஸ்க்டாப் என்றீர்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றி எத்தனை வருஷம்? அது போனால், கரண்ட் முழுசாக நின்ற அன்று பயாஸ் செட்டிங் எல்லாம் அழிந்து, தானாக ஆன் ஆவதும் போய்விடலாம். சில போர்டுகள் எஃப்1 அழுத்து என்று நிற்கும். விலை குறைந்த சாமான், கையோடு மாற்றிவிடுங்கள்.

சாரல்காற்று

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு ஊருக்குப் போய்வந்தேன். பேட்டரியை மாற்றினேன். வாட்ச்டாக் இருந்தது, போட்டுவிட்டேன். பேக்கப் டிஸ்க்கை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, யுபிஎஸ்ஸிலிருந்து மெஷின் ஒயரை உருவினேன். திரும்பச் செருகியதும் தானாக ஆன் ஆகி, டிஸ்க்குக்காகக் காத்து நிற்காமல் மேலே போனது. செயலி முதல் முயற்சியிலேயே எழுந்தது. டிஸ்க் இல்லை என்று பேக்கப் ஸ்கிரிப்ட்டின் மெயிலும் வந்தது. பிறகு சிங்க் (எழுதாமல் நிற்பதை டிஸ்க்கில் எழுதும் கட்டளை) கொடுத்துவிட்டு, சிஸ்ஆர்க்யூ (கெர்னலுக்கு நேரடியாக உத்தரவிடும் வழி) வழியாகக் கெர்னலைப் பேனிக் ஆக்கினேன். 10 எண்ணினேன், ரீபூட்.

அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டிஸ்க் இருக்கும் சுவர் சுவிட்ச் மேல் டேப் ஒட்டி, "அணைக்காதீர்கள்" என்று அவரே எழுதி வைத்தார்.

யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி போர்ட்டே இல்லை. அடுத்த மாதம் வேறு வாங்கப் போகிறோம். நட் மென்பொருளோடு ஒத்துப்போகும் மாடல் பழையபெட்டி அண்ணாவுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், 600 விஏ போதும்.