இடது கை இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது, ஆப்பரேஷனுக்குச் சம்மதிக்கலாமா?

பாப்பா அம்மா, ரங்கூன்:

வணக்கம். மிங்கலா டவுன்ஞுன் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் பருப்பு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார். மகளுக்கு 7 வயது. வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

போன வருஷம் தை மாதம் அவளுக்கு இடது வாயோரம் துடித்தது. பல் வலி என்று நினைத்துக் கிராம்பு வைத்தேன். அப்புறம் இடது கட்டைவிரல். இப்போது தூக்கத்தில்கூட அந்தக் கை ஓய்வதில்லை. என் கைக்குள் வைத்துக்கொண்டால் கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பது மாதிரி இருக்கும். இது போக உடம்பு முழுக்க வெட்டி இழுக்கிற பெரிய வலிப்பு. நோட்டுப் போட்டு எழுதுகிறேன், ஐப்பசியில் மட்டும் 41.

முதலில் ஒரு தனியார் கிளினிக்கில் எட்டு மாதம் "பயந்த பிள்ளை" என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்தக் கோபம் அப்படியே இருக்கட்டும், அதற்கு இப்போது நேரமில்லை. லெவெட்டிராசெட்டாம், கார்பமசெபின், குளோபசாம் என்று வலிப்பு மாத்திரை எல்லாம் கொடுத்துப் பார்த்து, கடைசியில் வேலூர் போனோம். எம்ஆர்ஐ படத்தில் மூளையின் வலது பாதி, அதாவது உடம்பின் இடது பக்கத்தை இயக்குகிற பாதி, சுருங்கி வருவதைக் காட்டினார்கள். ராஸ்முசன் என்செஃபலைட்டிஸ் என்று பெயர், மூளையின் ஒரு பாதியில் வருகிற அழற்சியாம். அந்த அழற்சியை அடக்க ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் ஏற்றிப் பார்த்தாயிற்று. இனி ஹெமிஸ்பெரோட்டமிதான் என்கிறார்கள். பாதி மூளையை அப்படியே எடுத்துவிடுவதில்லை. அதற்கும் மற்ற பாதிக்கும், அதற்கும் உடம்புக்கும் உள்ள இணைப்புகளைத் துண்டித்துவிடுவார்களாம்.

என் சங்கடம் இதுதான். பாப்பா காலையில் முகத்தில் பூச, தானே தனக்கா மரக்கட்டையைக் கல்லில் அரைத்துக்கொள்வாள். இடது கையால் கல்லைப் பிடித்து, வலது கையால் கட்டையைத் தேய்ப்பாள். கல் இப்போது ஆடுகிறது, ஆனாலும் பிடிக்கிறாள். ஆப்பரேஷனுக்குப் பிறகு அந்த விரல்கள் பிடிக்கவே பிடிக்காது, இடது பக்கப் பார்வையும் போகும் என்கிறார்கள். "ஓடுகிற கையைத் தானே போய்க் கொடுத்துவிட்டு வருவாளா ஒருத்தி?" என்கிறார் மாமியார். அவர் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது. கொஞ்ச நாள் பொறுக்கலாமா?

பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா இந்த வியாதிக்கு வெட் யூ பியான் என்கிறார், பன்றிக்கு வெறி பிடித்த கதை. நம்மவர்கள் காக்காய் வலிப்பு என்கிறார்கள். கால்-கை வலிப்புதான் பேச்சில் காக்காய் ஆனதாம். பன்றியும் காக்காயும் போதும், பட்ட மனுஷர் யாராவது சொல்லுங்கள்.

தன்லின் அப்பா:

தங்கச்சி, என் மகனுக்கும் இதே நோய், இதே வலது பாதி. 2019 ஜூனில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவமனையில் ஆப்பரேஷன் செய்தோம். அங்கே 1995-லிருந்தே வலிப்புக்கு அறுவை செய்கிறார்கள். அப்போது அவனுக்கு 8 வயது, இப்போது 14.

ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. உள்ளே கசிந்த இரத்தம் மூளைநீரில் கலந்தால் அப்படி வருவதுண்டு என்றார்கள், ஆனால் கிருமி இல்லை என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. இடது பக்கம் துணி மாதிரித் தொங்கியது. நான் வராந்தாவில் நின்று அழுதேன், அவன் அம்மா அழவில்லை. மூன்றாம் வாரம் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு மாதத்தில் காலில் பட்டை கட்டி நடந்தான். இப்போது சைக்கிளைத் தவிர எல்லாம்.

கை விஷயம் நீங்கள் கேட்டதுதான். தோளும் முழங்கையும் திரும்பி வந்தன. விரல் நுனியால் கிள்ளி எடுப்பது போனது போனதுதான். பிடிக்கிற கை எங்கள் வீட்டில் அமுக்குகிற கையாகிவிட்டது. நோட்டு நகராமல் அதால் அமுக்கிக்கொண்டு மற்றக் கையால் எழுதுகிறான்.

பார்வை போனதைக் கல்யாண வீட்டில்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். இலையில் இடது பக்கம் வைத்த உப்பும் ஊறுகாயும் இனிப்பும் அவன் கண்ணுக்கு வரவில்லை. "எனக்கு ஏன் ஜாங்கிரி போடவில்லை?" என்று சண்டை பிடித்தான். இப்போது தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிவிட்டான். ரோட்டில்தான் எனக்குப் பயம். 1970-லிருந்து இங்கே வண்டிகள் வலது ஓரமாகப் போகின்றன, அதனால் ரோட்டில் காலை வைத்ததும் முதல் வண்டி வருவது இடது பக்கத்திலிருந்துதான். அவனுக்குத் தெரியாத பக்கம். இன்றைக்கும் நான் அவனுக்கு இடது பக்கமாகவே நடப்பேன்.

பொறுக்கலாமா என்று நானும் டாக்டரிடம் கேட்டேன். "கையை நாங்கள் எடுக்கவில்லை, நோய் எடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் பொறுக்கிற ஒவ்வொரு மாதமும் அடி வாங்குவது நல்ல பாதி" என்றார். கை நன்றாக இருக்கும் பிள்ளைகளுக்கு டாக்டர்களே தள்ளிப்போடுவதும் உண்டு. உங்கள் டாக்டரிடம் இந்தக் கையின் கணக்கை நேராகவே கேளுங்கள். பேச்சைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலோருக்கு இடது பாதியில்தான், உங்கள் பாப்பாவுக்கு அந்தப் பாதி நல்லபடியாக இருக்கிறது.

கடைசி வலிப்பு ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் வந்தது. அப்புறம் இல்லை. எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை, சிலருக்குத் திரும்பவும் வரும். மாத்திரையை உடனே நிறுத்த விடமாட்டார்கள். வருஷங்கள் கழித்துக்கூடத் தலைவலி, வாந்தி, அசாத்தியத் தூக்கம் என்றால் ஓடுங்கள், மூளையில் நீர் கோத்திருக்கலாம்.

பழைய ரங்கூன்காரன்:

அம்மா, பீலிக்கான் முனீஸ்வரரிடம் நேர்ந்துகொள். ஆனால் தேதி குறித்துவிட்டு நேர்ந்துகொள். நேர்ந்துவிட்டேன் என்று தேதியைத் தள்ளாதே. என் தங்கைக்கு வலிப்பு வரும்போதெல்லாம் கையில் சாவிக்கொத்தைத் திணித்தோம். வேறு ஒன்றும் செய்யவில்லை. அது 1962. மருத்துவம் தெரியாத காலம் என்று சொல்லிக்கொள்கிறோம், உண்மையில் நாங்கள் யாரிடமும் கேட்கவே இல்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ், பகோ:

தாத்தா சொன்ன சாவியை யாரும் இனித் தேட வேண்டாம். வாயில் கரண்டியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பெரிய வலிப்பு ஐந்து நிமிஷம் தாண்டினால் அவசரம். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்ப்ரே இந்தியாவில் கிடைக்கிறது, டாக்டரிடம் எழுதி வாங்கி, அளவையும் தாளில் எழுதி வாங்குங்கள்.

இங்கே மருந்து வரத்து உங்களுக்கே தெரியும். இன்று இருக்கும் மாத்திரை அடுத்த வாரம் இருக்காது. கையில் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். போகும் வழியில் தூக்கம் கெட்டால் வலிப்பு கூடும், ராத்திரி விமானம் வேண்டாம். மருத்துவ விசாவில் பிள்ளையோடு இரண்டு பேர் போகலாம். ஒருவர் நீங்கள். இன்னொருவர் மாமியாராக இருக்கட்டுமே? டாக்டர் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும்.

பாப்பா அம்மா, ரங்கூன்:

எல்லாருக்கும் கும்பிடு. நர்ஸ் அக்கா, மாமியாரிடம் கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் "வேலூரில் குளிருமா?" என்றார்.

தன்லின் அண்ணா, நீங்கள் அமுக்குகிற கை என்று சொன்னது மனதிலேயே நின்றது. நேற்றுக் காலை தனக்காக் கல்லுக்கு அடியில் ஈரத்துணி விரித்து, விரலால் பிடிக்காமல் முன்கையால் அணைத்துக்கொள்ளச் சொன்னேன். கை துடித்துக்கொண்டேதான் இருந்தது. கல் நகரவில்லை. அரைத்து முடித்து எனக்கும் பூசினாள், பாட்டிக்கும் பூசினாள்.

டாக்டரிடம் போனில் கையின் கணக்கைக் கேட்டுவிட்டோம். மாசி முதல் வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பர்மாப் பணம் கியாட் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை, அதனால் வீட்டுக்காரர் இப்போதே ரூபாய்க்கு அலைகிறார். அண்ணா, காலுக்குக் கட்டுகிற பட்டையை அங்கேயே அளவெடுத்துச் செய்தீர்களா, இங்கே வந்தா? பிள்ளை வளர வளர எத்தனை தடவை மாற்றினீர்கள்?