காங்கேயம் பக்கத்துச் சாளையில் வேற்றுக்கிரகவாசி ஒளிய முடியுமா?

நொய்யல்கரையான்:
நாவல் ஒன்று எழுதுகிறேன், 3 அத்தியாயம் ஆகிவிட்டது. வேற்றுக்கிரகக் குடும்பம் ஒன்று காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், 20 வருடமாக மனிதர்கள் போலவே குடியிருக்கிறது. மாடு வளர்த்துப் பால் ஊற்றுகிறார்கள். அவர்கள் குழந்தை சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில் நிறம் மாறிவிடும், நம் காங்கேயம் கன்று சாம்பலாக மாறுகிற மாதிரியே. சுற்றிலும் மாடு மேய்கிற கொறங்காடு, கிளுவை வேலி, அடுத்த சாளை அரைக் கிலோமீட்டர் தள்ளி. யாருக்குத் தெரியப் போகிறது? நம்பும்படி இருக்கிறதா?

தறிச்சத்தம்:
கன்று விஷயம் அருமை. மற்றது நடக்காது. குடிவந்த மறுநாளே பக்கத்துத் தோட்டத்து ஆத்தா வந்து திண்ணையில் உட்காரும். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "எந்தூருங் கண்ணு? எந்தக் கோயிலுங்? கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?" மூன்றாவது கேள்விக்கு மேல் எந்தக் கிரகத்து மூளையும் தாங்காது. 20 வருடத்தில் எத்தனை கல்யாணம், எத்தனை சீர்! மொய் நோட்டில் அப்பன் பேரே இல்லாத குடும்பத்தை ஊர் சும்மா விடுமா?

நொய்யல்கரையான்:
அப்பா காலத்தில் கேரளாவில் எஸ்டேட் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.

தறிச்சத்தம்:
எந்த எஸ்டேட்டு என்பது நான்காவது கேள்வி.

சோதனைக்குழாய்:
ஆத்தா வரும்வரை உயிரோடு இருப்பார்களா என்று முதலில் பாருங்கள். அமினோ அமிலங்களில் கண்ணாடிப் பிம்பம் போல இடக்கை, வலக்கை என்று இரண்டு வகை. பூமியில் உயிர்களின் புரதம் அநேகமாக முழுக்க இடக்கை அமினோ அமிலங்களால் ஆனது. அவர்கள் உடம்பு வலக்கை வகையாக இருந்தால், அரிசிம்பருப்புச் சோறு தட்டுத் தட்டாகத் தின்றாலும் பருப்பின் புரதம் உடம்பில் சேராது. இடது கால் செருப்பை வலது காலில் மாட்டுகிற கதைதான். அப்புறம் தூரம். 1977இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போகிறது. சூரியனை விட்டால் நமக்கு மிகப் பக்கத்து நட்சத்திரமான, 4.24 ஒளியாண்டு தள்ளியிருக்கும் பிராக்சிமா செண்டாரிக்கு அந்த வேகத்தில் 70,000 வருடத்துக்கு மேல் ஆகும்.

தறிச்சத்தம்:
70,000 வருடம் வந்தது பால் ஊற்றவா?

நொய்யல்கரையான்:
1950இல் இயற்பியலாளர் ஃபெர்மி வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி மதியச் சாப்பாட்டின்போது கேட்டாரே, எல்லாரும் எங்கே என்று. சாளையில்தான் என்பது என் பதில்! சரி, செரிமானத்துக்கு ஏதாவது வழி செய்கிறேன். ஆத்தாவுக்குத்தான் வழி தெரியவில்லை.

பிசிறுநூல்:
திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான். எங்கள் ஓவர்லாக் தையல் மெஷின் வரிசையில் ஒடிசாப் பையன் ஒருவன் 4 வருடமாக இருக்கிறான். எல்லாருக்கும் அவன் "பையா". அவன் ஊர் பெயரை நான் பார்த்ததே போன மாதம்தான், அதுவும் பி.எஃப். படிவத்தில் எழுத்துப் பிழை வந்ததால். ஆத்தா கேட்கிற கேள்வியை இங்கே ஒருவரும் கேட்பதில்லை. ஒளிவதற்குச் சாளை எதற்கு?

தறிச்சத்தம்:
இது வம்பு. பிழைக்க வந்தவரை வேற்றுக்கிரகவாசி ஆக்குவதா? வடமாநிலத்தவரைத் தாக்குகிறார்கள் என்று 2023 மார்ச்சில் பொய் வீடியோ பரவி, எத்தனை பேர் பயந்து ரயில் ஏறினார்கள். அதற்குள் மறந்துவிட்டதா?

பிசிறுநூல்:
மறக்கவில்லை அண்ணா, அந்த வாரம் எங்கள் மெஷினில் பாதி காலி. நான் சொல்ல வந்ததைக் கேளுங்கள். வேற்றுக்கிரகவாசி பையா இல்லை, பக்கத்து மெஷினில் தமிழ் பேசுகிறவன். ஒரு நாள் ஊசி விரலில் ஏறுகிறது, ரத்தம் வரவில்லை. பார்த்தது பையா மட்டும்தான். அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? சொன்னால்தான் யார் கேட்பார்கள்?

நொய்யல்கரையான்:
ஐயோ அம்மிணி, 3 அத்தியாயமும் போச்சு. கன்றை மட்டும் எப்படியாவது வைத்துக்கொள்கிறேன்.

தறிச்சத்தம்:
நல்லாத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. அந்தத் தமிழ்க்காரன் எந்தூருங்? எந்தக் கோயிலுங்?