இரவு முழுவதும் வெளியே இருந்த சோற்றில் நாசி கோரெங் (மலாய் பாணி வறுத்த சோறு) செய்யலாமா?

செந்தூல்வாசி: வணக்கம். நேற்றைய திறந்த இல்ல உபசரிப்பில் மீந்த சோறும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் இரவு பதினொரு மணி முதல் காலை ஏழு மணி வரை அடுப்பு மேடையிலேயே மூடிக் கிடந்தன. கெட்ட வாடை இல்லை. நன்றாகச் சூடாக்கினால் போதும் என்கிறார் மாமியார்.

உணவறிவியல் மாணவி, செராஸ்: போதாது. பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சமைக்கும் சூட்டிலும் சாகாமல் தங்கி, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கையில் முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கக்கூடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு 121 டிகிரி செல்சியஸையும் தாங்கும் என்பதால், வாணலியில் எவ்வளவு புரட்டினாலும் பயனில்லை. உண்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கலாம். வாடையை நம்பாதீர்கள்.

பினாங்குக்காரன்: பிரட்டலையும் கொட்டிவிடுங்கள். பெரிய சட்டியின் நடுப்பகுதி மெதுவாகவே ஆறுவதால், இறைச்சியில் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் பாக்டீரியா பெருக வாய்ப்பு அதிகம். ஒரு தீபாவளிக்கு மறுநாள் எங்கள் வீட்டில் நால்வர் வயிற்றுப்போக்கோடு கழிவறைக்கு வரிசை பிடித்தோம். இப்போது தட்டையான டப்பாக்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறோம்.

செந்தூல்வாசி: நன்றி. இரண்டையும் கொட்டிவிட்டேன், மாமியார்தான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.