மறுமொழி: ‘வெதரிங்’ என்பதற்கு ‘வானிலைச் சிதைவு’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாறை இருந்த இடத்திலேயே உடைந்தும் கெட்டும் போவதை ஆங்கிலத்தில் ‘வெதரிங்’ என்கிறார்கள். பாடநூலில் இருக்கும் ‘வானிலைச் சிதைவு’க்குப் பதிலாக, போன வாரம் அதற்கு ‘பாறை நைவு’ என்ற சொல்லை இட்டபோது நாலு பேராவது ‘நன்று’ என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்ததெல்லாம் மறுப்பு. அதில் ஒன்று என் நினைப்பைப் பாதி மாற்றியும் விட்டது. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

> வானிலைச் சிதைவு பாடநூலிலேயே இருக்கிறது. புழங்கும் சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் ‘வானிலையாலழிதல்’ என்றும் உண்டு. ஆனால் இரண்டிலும் ‘வானிலை’ வந்து ஒட்டிக்கொண்டது ஆங்கிலச் சொல்லைப் பார்த்துத்தான், பாறையைப் பார்த்து அல்ல. வெப்பமண்டலங்களில் தரைக்குக் கீழே பல பத்து மீட்டர் ஆழம் வரை பாறை மாறிக் கிடக்கிறது. அந்த ஆழத்தில் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. மேலிருந்து கசிந்து இறங்கிய நீரும், அதில் கரைந்த கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும் செய்த வேலை அது. இதை வானிலையின் கணக்கில் எழுதினால் மாணவர் மனத்தில் வெயிலும் புயலும்தான் வந்து நிற்கும்.

பகலில் விரிந்து இரவில் சுருங்கியே பாறை உடைகிறது என்று நாம் எல்லாரும் படித்தோம் அல்லவா? 1936இல் டேவிட் கிரிக்ஸ் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். மெருகிட்ட கிரானைட் துண்டு ஒன்றைச் சூடாக்கிக் குளிர்வித்து, திரும்பச் சூடாக்கிக் குளிர்வித்து, 89,400 முறை. ஒரு முறையை ஒரு நாள் என்று வைத்தால் 244 ஆண்டுக் கணக்கு. உலர்ந்த காற்றில் கல்லுக்கு ஒன்றுமே ஆகவில்லை. குளிர்விக்கும்போது நீர் தெளித்ததும் மிகக் குறைந்த தடவைகளிலேயே மேற்பரப்பு கெடத் தொடங்கியது. சிறு துண்டு என்பதால் எல்லாப் பக்கமும் தாராளமாக விரிய முடிந்தது, மலையில் இருக்கும் பாறைக்கு அந்த வசதி இல்லை என்று பிறகு குறை சொன்னார்கள், அதுவும் நியாயம். வெயிலை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் நீர் இல்லாமல் வேலை வெகு மந்தம் என்பது தெரிந்துவிட்டது. ஆகவே ‘வானிலை’யை விடுவோம் என்பதில் நான் உறுதியாகவே இருக்கிறேன்.

‘சிதைவு’ என்றால் கதிரியக்கச் சிதைவோடு குழம்பும் என்றும் போன வாரம் எழுதியிருந்தேன். அது வலுவில்லாத வாதம், திரும்பப் பெறுகிறேன். முன்னால் ‘பாறை’ என்று நின்றால் யாரும் குழம்பப்போவதில்லை.

> எறும்பு ஊரக் கல்லும் தேயும். ‘தேய்வு’ என்றால் குழந்தைக்கும் புரியுமே?

புரியும், அதுதான் சிக்கல். தேய்வதற்கு ஒன்றின்மேல் ஒன்று உரச வேண்டும். காற்று வாரி இறைக்கும் மணலும், ஆற்றில் உருளும் கூழாங்கல்லும், பனியாற்றின் அடியில் சிக்கிய கற்களும் பாறையைத் தேய்க்கின்றன. அங்கெல்லாம் தேய்க்கிற பொருள் நகர்ந்துகொண்டிருக்கிறது, தேய்ந்த துகளும் கூடவே போய்விடுகிறது. அது அரிப்பின் கூறு. நாம் பெயர் தேடுவது பாறை இருந்த இடத்திலேயே இருந்து கெடுவதற்கு. இந்த வேறுபாடு போனால் பாடமே போயிற்று. ‘தேய்வு’ அரிப்புப் பக்கத்தில் நன்றாக உழைக்கும், அங்கே வைத்துக்கொள்வோம்.

> நைவு என்றால் பழந்துணிதான் நினைவுக்கு வருகிறது. விரிசலில் நீர் உறைந்து பாறை பிளப்பதை நைவு என்றால் சிரிப்பார்கள்.

இந்த மடல்தான் என்னை மாற்றியது. நீர் உறையும்போது பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. விரிசலுக்குள் அடைபட்டுக் கிடந்தால் அது பாறையை நெம்புகிறது. உடைந்து விழும் துண்டு கூர்மூலையோடு, உள்ளே புதுக்கல்லாகவே இருக்கும். அதில் நைந்தது எதுவும் இல்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மற்றப் பாதிக்கு, அதாவது கனிமமே மாறிக் கெடுவதற்கு, ‘நைவு’ போல் பொருந்தும் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. துணி நைந்தால் என்ன ஆகிறது? நெசவு அப்படியே தெரியும், கரையும் பூவும் தெரியும், கை வைத்தால் பிய்ந்து வரும். ஆழத்தில் கெட்ட கிரானைட்டும் அப்படித்தான். பழைய பாறையின் வரியும் விரிசலும் கண்ணுக்குத் தெரியும், மண்வெட்டியால் கொத்தினால் கேக் போல வெட்டுப்படும். உள்ளே இருந்த ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை நீர் கயோலினைட் என்ற களிமண்ணாக மாற்றியிருக்கும், இரும்புள்ள கனிமங்கள் துருவேறிச் சிவந்திருக்கும், குவார்ட்ஸ் மட்டும் அசையாமல் மணலாக உட்கார்ந்திருக்கும். புவியியலார் இதை ‘சாப்ரோலைட்’ என்கிறார்கள். கிரேக்க வேரின்படி ‘அழுகிய கல்’. நாம் ‘நைபாறை’ என்று வைக்கலாம். வினைத்தொகை என்பதால் நைந்த பாறை, நைகின்ற பாறை, நையும் பாறை மூன்றும் அதற்குள் அடங்கும். அந்தப் பாறையின் நிலையும் அதுதானே, நைந்து முடிந்ததாக அதைச் சொல்லிவிட முடியாது. (இது என் சொல் என்பதால் கொஞ்சம் கூடுதலாகப் புகழ்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எனவே திருத்திய முன்மொழிவு: பொதுப்பெயராக ‘பாறைச் சிதைவு’ இருக்கட்டும், அதுவும் பாடநூல் வழக்குதான். அதன் கீழே இரண்டே இரண்டு: கனிமம் மாறாமல் துண்டாவது ‘உடைவு’, கனிமமே மாறிக் கெடுவது ‘நைவு’.

உயிரியல் சிதைவு எங்கே என்று கேட்பீர்கள். அதை மூன்றாவது வகையாக எழுதும் பழக்கம் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. வேர் விரிசலுக்குள் பருத்துப் பிளந்தால் அது உடைவு. பாறைமேல் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும் லைக்கன் அமிலம் சுரந்து கனிமத்தைக் கெடுத்தால் அது நைவு. செய்தவர் யார் என்பதும் என்ன நடந்தது என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டதால் வந்த குழப்பம் இது.

வேர் என்றதும் இன்னொன்று. பனி, உப்பு, வேர் மூன்றும் விரிசலை நெம்பித் திறப்பதற்கு ஒருவர் ‘ஆப்பு’ என்று எழுதியிருந்தார். பொருள் சரி, ஆனால் வகுப்பில் ‘பனி ஆப்பு வைத்தது’ என்றால் அப்புறம் பாடம் நடக்காது. ஔவையாரின் நல்வழியில் ஒரு சொல் காத்திருக்கிறது: கடப்பாரைக்கு நெக்குவிடாத பாறை பசுமரத்தின் வேருக்கு நெக்குவிடும் என்கிறார். நெக்குவிடுதல் என்றால் பிளவுபடுதல். அதை எடுத்துக்கொண்டு ‘வேர்நெக்கு’, ‘பனிநெக்கு’, ‘உப்புநெக்கு’ என்றால் என்ன? உப்புக் கரைசல் துளைகளுக்குள் புகுந்து, வற்றி, படிகமாக வளர்ந்து கல்லைப் பொடியாக்குவதற்கு இதுவரை நான் பார்த்த சொற்கள் எல்லாம் ஒரு வரி நீளம்.

‘உரிதல்’ பற்றி: இப்போது இரண்டு வேறு நிகழ்வுகளுக்கும் இதே சொல்லைப் போடுகிறோம். மேலிருந்த பாரம் நீங்கியதால் பாறை விரிந்து பெரும் ஏடுகளாகப் பிரிவது ஒன்று, அமெரிக்காவின் யோசெமிட்டியில் உள்ள ஹாஃப் டோம் என்ற கிரானைட் குன்று போல. அதை ‘ஏட்டுரிவு’ எனலாம். பெட்டி போல் மூலைகளுள்ள பாறை வெங்காயத் தோல் போல உரிந்து உருண்டையாவது மற்றொன்று. மூலையை மூன்று பக்கத்திலிருந்தும், விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்தும், முகத்தை ஒரே பக்கத்திலிருந்தும் நீர் தாக்குவதால் மூலை முதலில் போய்விடுகிறது. இதற்கு ‘உருள்நைவு’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள். வேண்டாம். உருண்டையான பாறையைப் பார்த்தாலே ஆறு உருட்டிவந்தது என்று நினைக்கிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர், நாமும் ‘உருள்’ என்றால் அதற்கு முத்திரை குத்தியதுபோல் ஆகும். ‘உருண்டை நைவு’ போதும்.

ஒன்று மட்டும் எனக்கே தீரவில்லை. அன்ஹைட்ரைட் என்ற கனிமம் நீரைச் சேர்த்துக்கொண்டு ஜிப்சம் ஆகும்போது கனிமம் மாறுகிறது, கூடவே பருத்துச் சுற்றியுள்ள பாறையையும் நெம்பி உடைக்கிறது. இந்த நீரேற்றத்தை நைவில் வைத்தால் உடைவு விடுபடுகிறது, உடைவில் வைத்தால் கனிம மாற்றம் விடுபடுகிறது. குழுவில் வேதியியல் படித்தவர்கள் இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். அதுவரை பட்டியலில் அந்த வரியை வெறுமையாக விட்டு வைக்கிறேன்.

அன்புடன்.